வரைந்த ஜன்னல்

காலை ஐந்து மணி. ஈஸ்டருக்கு முந்தைய வாரம், இன்னும் இருட்டு. பாதிரியார் பங்களாவுக்குப் போகும் பாதையில் ஈ காக்கை இல்லை. ஏணியும் உளியுமாக நடந்தவன் பெயிண்டர் ஜெத்ரோ... என் சிநேகிதனின் மைத்துனன்.

"முந்தின ராத்திரி குடிச்சது எறங்கியிருக்காது!"

வாயை மூடிக்கொண்டு கதையைக் கேள், எர்னி. அன்று அவன் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை.

அந்தப் பங்களாவின் முகப்பு உங்களுக்குத் தெரியும். மாடியில் ஐந்து ஜன்னல். கடைசியில் இருப்பது ஜன்னலே இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பிருந்த பாதிரியாருக்கு, விருந்தாளிகள் தோட்டத்தில் தேநீர் குடிக்கும்போது வேலைக்காரி மேலிருந்து பார்ப்பது பிடிக்கவில்லை. அவள் அறை ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். முகப்பு மூளியாகிவிடக் கூடாதே! அதன்மேல் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டமும் வரைய வைத்தார். அவள் உள்ளே மூச்சுத் திணறிச் செத்தாள். படுபாவி, அடக்க ஜெபத்தையும் அவரே செய்தார்.

இப்போது அதே அறையில், அங்கே வேலைக்கு இருக்கும் ஜெத்ரோவின் மகள் தெர்ஸா. ஓயாத இருமல். முந்தின நாள் ஜெத்ரோ இன்றைய பாதிரியாரிடம் கேட்டான்.

"ஐயா, அந்தச் செங்கல்ல நானே எடுத்துடறேன். கூலி வேணாம். புள்ள மூச்சு விட முடியாம கெடக்குறா."

"ஞாயித்துக்கிழமை பிஷப் வர்றார், ஜெத்ரோ. மொகப்பு கெட்டுடும். புதுசா பெயிண்ட் மட்டும் அடி. மத்தது அப்புறம் பாக்கலாம்."

அப்புறமாம்! ஜெத்ரோ பல்லைக் கடித்துக்கொண்டு பெயிண்ட் அடித்தான். மறுநாள் வீட்டார் எழுவதற்குள் சுவரை உடைத்துவிடுவதென்று வந்தான்.

ஏணியில் ஏறினான்... நின்றுவிட்டான்.

வரைந்த ஜன்னலின் கீழ்ப் பாதி, யாரோ மேலே தள்ளித் திறந்ததுபோல், ஒரு சாண் ஏறியிருந்தது. அவன் அப்படி வரையவில்லை. தொட்டுப் பார்த்தான்... செங்கல்தான். ஆனால் காற்று அவன் முதுகுப் பக்கமிருந்து சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது.

இறங்கி, வேலைக்காரர் படிக்கட்டில் ஓடினான். தெர்ஸா அயர்ந்து தூங்கினாள். இருமல் இல்லை. நெற்றி முடி அசைந்தது. அறை முழுக்க ஈரப்புல் வாசனை.

அப்போதுதான் கீழே... தட். தட். பிறகு ஒன்றுமில்லை.

பாதிரியாரின் அறைக்கதவைத் தள்ளினான். அவர் ஜன்னலடியில் கிடந்தார். உதடு நீலம். பத்து நகமும் பிய்ந்திருந்தன. ஊரிலேயே பெரிய ஜன்னல் அது... வெளியே விடிந்திருந்தது, உள்ளே துளி வெளிச்சம் இல்லை. ஜெத்ரோ தீக்குச்சி கிழித்தான்.

கறுப்புக் கண்ணாடி. வெள்ளைச் சட்டம். விரல் வைத்தான்.

செங்கல்.

பெயிண்ட் இன்னும் காயவில்லை.