அறுபத்து நாலு எழுத்து

— “எதுக்கும்மா இவ்ளோ நீளமான எண்ணைக் கையால எழுதுறே?”ன்னு ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி அன்னிக்கே கேட்டாரு, லோகேஸ்வரி அக்கா. நான் பாட்டுக்கு எழுதிக்கிட்டேன். இதோ, நோட்டுல இருக்கு.

— அறுபத்து நாலு எழுத்தையுமா? ஆளு பேசமாட்டே, எழுதாம மட்டும் விடமாட்டே லா. எப்ப எழுதுனே, தனேஸ்?

— இந்தா நிக்கிற எங்கண்ணன் செல்வாவோட லோரி, எஸ்டேட்ல வேலை பாக்குற சோமு அண்ணன் கால் மேல ஏறுன அன்னிக்கு. அண்ணனோட ஐசி கார்டைக் கேட்டாங்கன்னு எஸ்டேட் ஆபீசுக்குக் கொண்டு போனேன். கிராணி கேமரா வீடியோவைப் பென்டிரைவ்ல ஏத்திட்டு, அந்த வீடியோவுக்குக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தர்ற இந்த எண்ணைக் காட்டுனாரு. பின்னால யாராச்சும் வீடியோவைத் தொட்டா இது மாறிடும்னாரு.

— இதுக்குத்தான் என்னைச் சபாக் டவுன் கம்ப்யூட்டர் கடை வரைக்கும் இழுத்துட்டு வந்தியா? மூணாம் படிவத்தோட படிப்பை நிறுத்துனவ நீ, கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறியா? வா தனேசு, நாளைக்கு விசாரணை, ஆயிரம் வேலை கெடக்கு.

— இருண்ணே. நான் சாட்சிக்கு வந்து நின்னா மட்டும் போதாது. நீ போன் பார்க்கிற மாதிரி ஆபீஸ்காரங்க வீடியோவை வெட்டி ஒட்டிட்டாங்கன்னு நீதானே சொன்னே? நேத்து ஆபீஸ்ல உனக்குக் குடுத்த பென்டிரைவைப் போட்டா எண்ணு மாறியிருக்கும். உன் வேலையும் லைசன்சும் தப்பிச்சிரும்.

— காப்பி எடுத்தாலே மாறும். பேரை மாத்துனாலும் மாறும். அதான் சொல்றேன்ல, சும்மா வா.

— யாரு சொன்னா, செல்வா? இந்தா, என் மவன் பர்த்டே வீடியோ. காப்பி எடுத்தேன், பேரையும் மாத்திட்டேன். எண்ணு அப்படியே இருக்கா? இப்ப கடைசி ஒரு செகண்டை மட்டும் வெட்டுறேன். பாரு, மொத்தமும் வேற!

— பாத்தியாண்ணே! பென்டிரைவைக் குடு.

— வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்.

— சட்டைப் பையில தெரியுது. குடுண்ணே.

— பென்டிரைவ் வீடியோவோட எண்ணு வந்துருச்சு. படிக்கிறேன், தனேஸ், நீ நோட்டைப் பாரு. அஞ்சு, எஃப், ரெண்டு, பூஜ்யம்.

— ஆமா.

— சி, சி, ஏழு, ஒண்ணு.

— ஆமா. மெதுவா படிங்கக்கா, எங்கயாச்சும் மாறும்.

— பாதி வந்துட்டோம் லா. பி, எட்டு, எட்டு, டி.

— ...ஆமா.

— கடைசி நாலு. மூணு, ஈ, ஒம்போது, ஏ.

— திரும்பப் படிங்க.

— மூணு, ஈ, ஒம்போது, ஏ. ஒரு எழுத்துகூட மாறல, தனேஸ். அன்னிக்கு எடுத்த அதே வீடியோதான். யாரும் தொடல.

— அண்ணே, என்னைப் பாரு. ரிவர்ஸ் எடுக்கும்போது போன்தான் பார்த்துக்கிட்டு இருந்தியா?

— ஒரு நிமிஷம்தான்டி... மெசேஜ் வந்துச்சு...

— சோமு அண்ணன் குடிச்சிட்டு லோரிக்குப் பின்னால படுத்திருந்தாருன்னு அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியே! அவரு பொண்டாட்டி புஷ்பா அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து அழுதுக்கிட்டே வந்தாங்க. “உங்க புருசன் குடிகாரரு”ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன்ணே. வாயே திறக்காத நான்!

— ஏய், செல்வா! மோட்டார் சைக்கிளை எடுத்துட்டு எங்க போறே?... போயிட்டான் பாரு. சரி, அழாதே தனேஸ். நாளைக்கு அவனுக்காக எதையும் கூட்டிச் சொல்லாதே. நீ கண்ணால என்ன பார்த்தியோ, அதை மட்டும் சொல்லு, போதும்.

— லோரி ஏறும்போது நான் அங்க இல்லவே இல்லக்கா. அவன் சொன்னதை, நான் பார்த்ததா விசாரணைக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.