திரும்பி வருவாள் என்று நிரூபிக்க ஒரு கூட்டம்

உயர்கல்வி ஊக்குவிப்புப் பேரவையின் நிரந்தரத் தலைவரும், தலைமை தாங்குவதில் ஒருநாளும் தளர்ந்தறியாதவருமான மதிப்புமிகு சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி அவர்களே! மேலகரத்திலிருந்தும் கடையத்திலிருந்தும் சாரலில் நனைந்து வந்து, மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் படிக்கவைத்துப் படிக்கவைத்தே பக்கத்தில் இல்லாமல் ஆக்கிக்கொண்ட தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தங்கை ஜுஹைனா அவர்களே! அவளைப் பெற்ற ஹாஜரா பீவி அம்மா அவர்களே! நிறைவாக, எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இந்தக் காணொளியைப் பார்க்கப்போகிற, பெயர் தெரியாத விசா அதிகாரி அவர்களே! அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம்.

விசா அதிகாரியை எதற்கு விளிக்கிறான் என்று சிலர் பார்க்கிறீர்கள். இந்தக் கூட்டமே அவருக்காகத்தான். நீங்களும் நானும் சாட்சிகள்.

தங்கை ஜுஹைனா விலங்கியல் முதுகலை படித்தவள். குற்றாலம் ஐந்தருவிக்கு மேலே ஈரப்பாறைகளில் ஒரு சின்னஞ்சிறு தவளை வாழ்கிறது. அதன் தலைப்பிரட்டை தண்ணீரில் நீந்தாது. நனைந்த பாறையில் ஒட்டிக்கொண்டே வளரும். நாம் எண்ணெய் தேய்த்து நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. நம்மில் யார் பார்த்தோம்? அவள் பார்த்தாள். பார்த்ததை எழுதினாள். எழுதியதைப் படித்துவிட்டுக் குளிர்தேசத்துப் பேராசிரியை ஒருவர், "என்னிடம் வந்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்" என்று அழைத்தார். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கும் அங்கே விசா வேண்டியிருக்கும்.

குற்றாலத்துத் தவளையைப் படிக்கக் கடல் கடக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். கடக்கத்தான் வேண்டும். அவள் படித்த கல்லூரியில் நல்ல நுண்ணோக்கி ஒன்று உண்டு. கெட்டுப்போகக் கூடாதென்று வாங்கிய நாளிலிருந்து பூட்டியே வைத்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் இதே மண்டபத்தில் அவளுக்கு வழியனுப்பு விழா எடுத்தோம். சால்வை போர்த்தினோம். தலைவர் அண்ணாச்சி எழுந்தார், முழங்கினார். "அம்மா ஜுஹைனா! பறந்து போ! அங்கேயே படி! அங்கேயே வேலை பார்! அங்கேயே வீடு வாங்கு! அங்கேயே குடியுரிமை பெறு! இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே!" கூரை அதிரக் கை தட்டினோம். நம்மூரில் இதைவிடப் பெரிய ஆசி உண்டா? பக்கத்து வீரகேரளம்புதூரில் உண்டா? எங்கும் இல்லை.

காணொளித் தம்பி மாரிராஜ் அதை அப்படியே இணையத்தில் ஏற்றினார். கீழே ஆங்கில வரிகளும் ஓடட்டும் என்று இயந்திரத்திடம் மொழிபெயர்க்கக் கொடுத்தார். அந்த இயந்திரம் எத்தனையோ முறை நம் பேச்சைக் கொலை செய்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் ஒரு பிழைகூட இல்லை.

சென்னையில் நேர்காணல். அதிகாரி கேட்டார்: "படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவீர்களா?" தங்கை சொன்னாள்: "போவேன். என் தவளை அங்கேதான் இருக்கிறது." அவர் கணினித் திரையை இவள் பக்கம் திருப்பினார். திரையில் நம் அண்ணாச்சி முழங்கிக்கொண்டிருந்தார்.

"யார் இவர்?"

"எங்க ஊர் அண்ணாச்சி."

"உங்கள் உறவினரா?"

"இல்ல. எல்லாருக்கும் அண்ணாச்சி."

"திரும்பி வராதே என்று ஏன் சொல்கிறார்?"

"பாசத்துல சொல்லுதாங்க."

அதிகாரி படிவத்தை மேலும் கீழும் புரட்டியிருக்கிறார். பாசத்தைக் குறித்துக்கொள்ள அவருடைய படிவத்தில் இடமில்லை. விசா மறுக்கப்பட்டது.

என்ன அண்ணாச்சி? "நல்லதுக்குத்தானவே சொன்னேன்" என்கிறீர்களா? நல்லதுக்குச் சொன்னது இப்படி முடிந்ததே என்ற வருத்தத்தைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேராசிரியை இரக்கமுள்ளவர். பனிக்காலத்துக்குள் வந்தால் இடம் உண்டு என்றிருக்கிறார். மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குமுன், இவள் திரும்பி வருவாள் என்று ஊரே சொல்லும் காணொளி ஒன்று வேண்டும். காரணங்களை அடுக்கும் பொறுப்பை அண்ணாச்சி எனக்குக் கொடுத்தார். நானும் ஒரு வாரமாக அடுக்கப் பார்க்கிறேன். நீங்களாவது சொல்லுங்கள். எதற்காகத் திரும்பி வருவாள்?

"சாரல்" என்கிறார் ஒருவர். நல்லது. சாரல் நனைக்கும், வேலை கொடுக்காது. "பரோட்டா" என்கிறார் பின்வரிசை. ஐயா, அதற்காகப் பலர் வருகிறார்கள், சாப்பிட்டதும் போய்விடுகிறார்கள். வேலைக்கு வருவாளா? கௌரவ விரிவுரையாளர் என்றொரு பதவி இருக்கிறது. பெயரிலேயே கௌரவத்தைக் கொடுத்துவிட்டதால் வேறெதையும் கொடுக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்கு வருவாளா? நுண்ணோக்கியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே தனி ஆராய்ச்சி.

திரும்பி வந்த ஒருவரை உதாரணம் காட்டலாம் என்று நினைத்தேன். அதோ, தூணோரம் நிற்கிறார் தம்பி ஜெனோ. வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்று, ஊருக்கு உழைக்கப்போகிறேன் என்று வந்து இறங்கினார். நாம் என்ன கேட்டோம்? "ஏலே, ஏன் வந்துட்ட? வெரட்டி விட்டுட்டானா?" தேநீர்க் கடையில் கேட்டோம், தேவாலய வாசலில் கேட்டோம், பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்டார்கள். இன்று அவர், நம் பிள்ளைகள் வெளிநாடு போக ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். கூட்டம் நிரம்பி வழிகிறது.

சரி, பெற்றவர் சொல்லட்டும். அம்மாவிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள். ஹாஜரா பீவி அம்மா, "என் மகள் திரும்பி வருவாள்" என்று ஒரு வார்த்தை.

"பொய் சொல்லச் சொல்லாதிய தம்பி. அவ வாப்பா ரெண்டு வருசத்துல வந்துருதேன்னுதான் சவுதியில தமாமுக்குப் போனாவ. இவ பொறந்ததப் போட்டோவுலதான் பாத்தாவ. இன்னும் அங்கனதான் இருக்காவ. எம்மவ எம்பக்கத்துல இருக்கணும்னு எனக்கு ஆசை இல்லியா? இங்கன வந்து என்ன செய்வா, சொல்லுங்க. வரவேண்டாம்னுதான் அஞ்சு வேளையும் அல்லாகிட்ட கேக்கேன்."

ஒலிவாங்கியை வாங்கிக்கொள்ளுங்கள். சரி. மாரிராஜ், அம்மா பேசியதை வெட்டிவிடலாம் அல்லவா? என்னது? நேரலையா? ஆங்கில வரிகளோடா?

அதிகாரி பெருமகனே! அப்படியானால் ஒளிக்க ஒன்றுமில்லை. திரும்பிப் போவாயா என்று இவளைக் கேட்டீர்கள். வந்தால் வைத்துக்கொள்வீர்களா என்று எங்களைக் கேட்கவில்லை. உங்கள் சார்பில் நானே கேட்கிறேன். படித்து முடித்து இவள் வந்து இறங்கினால், "ஏன் வந்தாய்" என்று கேட்காமல், வேலை செய்ய ஓர் இடம் கொடுப்போம் என்று சொல்லக்கூடியவர்கள் கை உயர்த்துங்கள். மாரிராஜ், கேமராவைச் சபை பக்கம் திருப்பு.

பெரியோர்களே? பேரவையினரே? தாய்மார்களே? அண்ணாச்சி, தலை சொறியத் தூக்கிய கை கணக்கில் சேராது.

அதோ, ஒரு கை! முன்வரிசையில் ஒரே ஒரு கை!

தங்கை, நீ தூக்கக்கூடாதம்மா. கேள்வி எங்களுக்கு. கையை இறக்கு.

வேண்டாம், இறக்காதே. மாரிராஜ், கிட்டப் போய் அந்தக் கையைக் காட்டு. அதிகாரி நன்றாகப் பார்க்கட்டும். இந்த ஊருக்குத் திரும்பி வர விரும்பும் ஒரே ஆள் யார் என்று அவருக்குத் தெரியட்டும். எங்களுக்கும் தெரியட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தலைவருக்கும், உண்மையைப் பேசிய அம்மாவுக்கும் என் நன்றி. வெளியே சாரல் வலுத்திருக்கிறது, பாறைகள் நனைந்திருக்கும். பார்த்துப் போங்கள். வணக்கம்.