மஞ்சூர் பஸ்ஸை முந்திய இங்கிலாந்துக்காரி

"அந்த இங்கிலாந்துப் பொண்ணு நேத்து ஜெயிச்சதுக்கு நம்ம டிரைவரண்ணன்தானுங்கக்கா காரணம்."

மஞ்சூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சொன்னவள் எஸ்டேட் பங்களாவில் சமைப்பவள். பக்கத்தில் இருந்தவர் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்.

"போன வருசம் பங்களாவுல தங்கி, தெனமும் ரோட்டுல ஓடுமே, அதா?"

"அதேதானுங்க. ஆயிரத்தைந்நூறு மீட்டரு ஓட்டம். ரெண்டு வருசமாக் கால்வலி, எல்லாப் போட்டியிலயும் கடைசி. அடுத்த வருசப் போட்டியிலயும் தோத்தா ஓடறதையே உட்டுருவேன்னு அரைகொறைத் தமிழ்ல எங்கிட்ட அழுதுச்சு."

"டிரைவரு என்ன பண்ணுனாரு?"

"பாவம், பஸ்ஸப் புடிக்கத்தான் ஓடுதுன்னு மொத நாளு நிறுத்துனாரு. அது ஏறாம, சிரிச்சுக்கிட்டே முந்திப் போயிருச்சு. இவருக்கு ரோசம் வந்துருச்சு. அப்புறம் தெனமும் பங்களா வளைவுல ஹாரன் அடிப்பாரு. அதுவும் பறக்கும்."

"நேத்து?"

"கடைசி ரவுண்டுக்கு மணி அடிச்சாங்க பாருங்க, நம்ம ஹாரன் கேட்ட மாதிரியே பறந்துச்சு! நான் செல்லுல பாத்துக் கத்துனதுல ஊட்டுக்காரரு டீயக் கொட்டிட்டாரு."

"ஜெயிச்சுட்டு என்ன சொல்லுச்சு?"

"இங்கிலீசுல என்னமோ சொல்லுச்சுங்க. ஆனா கோட்டத் தாண்டுனதும் திரும்பிப் பாத்துச்சு. பஸ்ஸத்தான் தேடுச்சு!"

அந்த வளைவு வந்தது. டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார். சாலையில் யாருமே இல்லை. ஆனாலும் பஸ்ஸில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.