புண்ணில் வைத்த சிவப்புத் தண்ணீர்

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மைங்க ஐயா. மூணாவது வூட்டுல பால் தீஞ்சாக்கூட தெரிஞ்சிடும்.

எங்க வூட்டுக்காரரு மாணிக்கவேலு பீங்கான் கம்பெனியில சூளை வேலை பார்த்தாரு. உடைஞ்ச ஜாடித்துண்டு இடது கால்ல குத்திடுச்சு. சக்கரை வியாதி, அதனால ஆறல. ஆறு மாசம். துணியைப் பிரிச்சா சீழு நூல் மாதிரி இழுத்துக்கிட்டு வரும். எறும்பு கட்டில் மேல வரிசையா ஏறும். சீழைத் தொடச்ச கையாலதான் நான் சோறு பிசையணும். எத்தினி சோப்பு போட்டாலும், ரசத்தை வாயில வச்சா அந்த நாத்தம்தான்.

நான் ஜங்ஷன் ரோட்டுல ஒரு சின்ன பூச்சிமருந்து கம்பெனியில வேலை பார்த்தேன். பெண்ணாடம் பக்கம் கரும்பு வேரைக் கடிக்கிற புழுவைக் கொல்ல, அங்க நூற்புழு வளர்ப்போம். கண்ணுக்கே தெரியாது. அது அந்தக் கரும்புப் புழுவுக்குள்ள பூந்து, தன் வயித்துல இருக்கிற பாக்டீரியாவைக் கக்கும். கொல்றது அந்த பாக்டீரியாதான். ரெண்டே நாள்ல புழு செத்து செங்கல் நிறமாயிடும். உள்ளே எல்லாம் கூழு. ஆனா அழுகாது, நாறாது, எறும்புகூட கிட்ட வராது. எங்க வூட்டைவிட அந்தச் செத்த புழு சுத்தமா இருந்துது.

எங்க மேடம் வேல்விழிகிட்ட கேட்டேன். "மனுசங்க மேல பட்டா என்னங்க மேடம் ஆவும்?"

"நூற்புழுவால ஒண்ணும் ஆவாது அமிர்தம். பாக்டீரியாவைத் தனியா வளர்த்து வச்சிருக்கமே, அது மட்டும் புண்ணுல படவே கூடாது. கையுறை போட்டுக்க."

ஒண்ணும் ஆவாதுன்னு அவங்க சொன்னதை மனசுல வச்சிக்கிட்டேன். பாக்டீரியா வளர்த்து வச்சிருந்த அந்தச் சிவப்புத் தண்ணியை ஒரு டப்பாவுல கொண்டாந்தேன்.

"என்ன மருந்து இது?"ன்னாரு வூட்டுக்காரரு.

"இனிமே நாறாதுங்க. காலை நீட்டுங்க."

"என்னால உனக்குத்தான் கஷ்டம்"னாரு. நான் மூக்கைத் துணியால கட்டியிருந்தேன். பஞ்சை எடுத்து டப்பாவுல முக்கினேன்.

அஞ்சு நாள் பஞ்சுல தொட்டு வச்சேன். காலு வீங்கிச்சு. காய்ச்சல்ல ஒளறினாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னாரு. நாளைக்குன்னேன். மூணு தரம் நாளைக்குன்னேன். வெள்ளிக்கிழமை காலையில உசுரு போயிடுச்சு. மொதல்ல பினாயில் ஊத்தி வூட்டைக் கழுவினேன். அப்புறந்தான் அழுதேன்.

மருந்துன்னு நம்பித்தான் போட்டேங்க ஐயா. போஸ்ட்மார்ட்டத்துல பார்த்துட்டு வலது காலைப் பத்திக் கேட்டீங்க. அதுல புண்ணு இல்லதான். இடது கால்ல சீழோட மருந்தும் வெளிய வந்துடுது. அதனால வலது காலை பிளேடால கீறி, அங்கேயும் வச்சேன்.

மருந்து உள்ள போவணும் இல்லீங்களா.