கறவை அறையின் ஷட்டரைச் சாத்தியது நான்

என் பெயர் புவனா. வயது 34. காலஞ்சென்ற கிருபாசங்கரின் மனைவி. சூலூர் வட்டம், செங்காட்டுத் தோட்டத்தில் வசிக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் குற்றவியல் நடுவர் அவர்கள் முன் இதைச் சொல்கிறேன்.

எங்களிடம் பதினாறு கறுப்புக் கலப்பின மாடுகள் உள்ளன. எண் பொறித்த காது வில்லைகள் கம்பிவேலியில் மாட்டி அறுந்துபோனதால், திரவ நைட்ரஜனில் குளிரவைத்த அச்சை அழுத்தி எண் இடலாம் என்று நான்தான் சொன்னேன். சூடு போடுவதைப்போல் மாட்டுக்கு அவ்வளவு வலி இருக்காது. அச்சு பட்ட இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். முதலில் பட்டறையில் செய்த மெல்லிய இரும்பு அச்சுகளால் நானும் என் கணவரும் இட்டோம். முடி கறுப்பாகவே முளைத்தது. அதன்பிறகு உக்கடத்தில் பித்தளை வார்க்கும் அக்பர் அலியிடம் போனோம். அவர் எங்கள் அச்சைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது குளிரைப் புடிச்சு வைக்காதுங்க. பித்தளையில கனமா ஊத்தித் தாரேன்" என்றார். அப்படியே செய்து கொடுத்தார்.

26.10.2025 ஞாயிறு காலை, கறவை அறையில் முதல் மாட்டுக்கு எண் இட்டோம். சரியாக விழுந்தது. இரண்டாவது மாட்டைக் கட்டைக் கூண்டில் கட்டி, தொடையில் முடியை மழித்தபோது மழை பிடித்துச் சாரல் உள்ளே அடித்தது. "ஏனுங்க, தோல் நனைஞ்சா நம்பரு விழாதுங்க. ஷட்டரச் சாத்திப்போட்டு, தொடைக்கத் துணி எடுத்துட்டு வாரேன்" என்றேன். "சரி, வெரசா வா" என்றார் என் கணவர். வெளியிலிருந்து நான் ஷட்டரை இறக்கினேன். அந்த அறைக்கு வேறு வாசலோ ஜன்னலோ கிடையாது.

வீட்டில் காய்ந்த துணி கிடைக்காமல் பீரோவைத் திறந்து தேடினேன். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அதன்பிறகு வந்து ஷட்டரைத் தூக்கியபோது முழங்கால் உயரத்துக்கு வெண்புகை நின்றது. மாடு உதைத்து, அச்சுகளை ஊறவைத்திருந்த நைட்ரஜன் பெட்டி கவிழ்ந்திருந்தது. சிதறிய அச்சுகளைப் பொறுக்கக் குனிந்திருப்பார் போல, என் கணவர் குப்புறக் கிடந்தார். மாடு தலையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தது. அவரைத் தூக்கக் குனிந்ததும் எனக்குக் கண் இருட்டியது. வெளியே தவழ்ந்து வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி போனேன். மூன்றாவது முறைதான் சட்டைக் காலரைப் பிடித்து மழையில் இழுத்துப் போட முடிந்தது. நாடி பார்க்க, அவர் கையில் உறைந்திருந்த கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினேன். நாடி இல்லை.

ஆஸ்பத்திரியில் என் கணவரின் அண்ணன் தம்பிதுரை, அக்பர் அலி பித்தளையில் விஷம் கலந்ததால் புகை ஏறி அவர் இறந்ததாக ஒரு புகார் எழுதி வைத்திருந்தார். ஷட்டரைச் சாத்தியதை அவரிடம் சொன்னேன். "நீ ஒண்ணும் பேசாத அம்மணி. கையெழுத்து மட்டும் போடு. நீ உள்ள போயிட்டா புள்ளைய ஆரு பாக்கறது?" என்றார். போட்டேன். மறுநாள் அக்பர் அலியைக் கைது செய்தார்கள்.

05.11.2025 அன்று அவர் மனைவி ஜாஹிதா எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "உங்களக் குத்தஞ்சொல்ல வரலைங்க. அவருக்குச் சுகர் இருக்குதுங்க. ஜெயில்ல மாத்திரை குடுக்கச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க" என்றார். அதன்பிறகு நான் சோறு தின்னவில்லை.

அச்சில் குற்றம் இல்லை. பித்தளையில் எதுவும் கலக்கவில்லை. நைட்ரஜன் கொட்டினால் மூடிய அறையில் மூச்சுக்காற்று இல்லாமல் போகும், காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும் என்று நைட்ரஜன் வாங்கி வந்த கேனின்மேல் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. என் கணவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் பி.எஸ்ஸி. படித்தவள். அதை வாசித்திருந்தேன். வாசித்தும் சாத்தினேன். அக்பர் அலியை இன்றே விட்டுவிட வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை மகளைப் பள்ளியில் விட்டேன். நான்கு மணிக்கு அவளைக் கூட்டிப் போக வேறு ஆள் வரும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. முன்பு நான் கையெழுத்திட்ட புகார் பொய், இது உண்மை.

(ஒப்பம்) கி. புவனா
10.11.2025