படித்து முடிக்கும் வரை

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் திரு. சுந்தரேஷ் அவர்களே, செயலாளர் முனைவர் மதியழகன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் மகள் ஜ்யோத்ஸ்னா அவர்களே, பக்கத்து செக்டாரிலிருந்து நடந்தும் மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவிலும் இந்த டில்லிப் புகைமூட்டத்தில் இருமிக்கொண்டே வந்து சேர்ந்திருக்கும் இளவேனில் தமிழ் மன்றத்து உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் எனக்குக் கொஞ்ச நேரம்தான் கொடுத்திருக்கிறார். "மறைந்தவரைப் பற்றி மட்டும் பேசுங்க, மத்த விஷயமெல்லாம் இன்னிக்கு வேண்டாம்" என்று அன்போடு கேட்டுக்கொண்டும் இருக்கிறார். அப்படியே செய்கிறேன். ஆனால் மறைந்தவர் வாழ்நாள் முழுவதும் மற்ற விஷயங்களை மட்டுமே பேசினார். அது என் குற்றமல்ல.

நம் மன்றத்தின் கௌரவ நூலகர், மத்திய அரசின் ஓய்வுபெற்ற சார்புச் செயலாளர், அமரர் வத்சலா ராஜகோபாலன் அம்மையார்! அவரோடு ஒரே அமைச்சகத்தில், ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். குளிர்கால மதியங்களில் நாங்கள் எல்லோரும் புல்வெளியில் வேர்க்கடலையோடு வெயில் காய்வோம். அவர் ஒரு வங்காள நாவலோடு வெயில் காய்வார். மறுநாள் பார்த்தால் கையில் பனி நாட்டுத் துப்பறியும் கதை. அதற்கடுத்த நாள் ஏதோ ஒரு தென்னமெரிக்கக் குடும்பத்தின் ஏழு தலைமுறைச் சண்டை. எல்லாம் தமிழில். "கோப்புகளை இவ்வளவு ஆசையா படிக்கக் காணோமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோப்புல முதல் பக்கத்திலேயே குற்றவாளி யாருன்னு எழுதிடறாங்க. அப்புறம் எதுக்கு நூறு பக்கம்?" என்றார்.

ஓய்வு பெற்றதும் நம் நூலகத்துக்கு வந்தார். வந்ததும் ஒன்றைக் கவனித்தார். பரிசு பெற்ற நாவலை எடுத்தவர்கள் அதன் அட்டை ஊருக்குத் தெரியும்படி நெஞ்சில் அணைத்துக்கொண்டு போனார்கள். கொலைக் கதையை எடுத்தவர்கள் கறிகாய்ப் பையில் வெண்டைக்காய்க்கு அடியில் வைத்துக்கொண்டு போனார்கள். முதல் வகைப் புத்தகம் புத்தம் புதிதாகத் திரும்பி வந்தது. இரண்டாம் வகை சாம்பார்க் கறையோடு வந்தது.

அம்மையார் என்ன செய்தார்? மொழிபெயர்ப்பு அலமாரிகளில் இருந்த அத்தனை புத்தகங்களுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டார். தலைப்புப் பக்கத்தை ஸ்டேப்ளர் அடித்து மூடினார். முதுகில் ஒரு எண் மட்டும். எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்டால் சொல்வார். இலக்கியமா, பொழுதுபோக்கா என்று கேட்டால், "படிச்சிட்டு நீங்க சொல்லுங்க" என்பார். படித்து முடித்த பிறகுதான் ஸ்டேப்ளைப் பிரிக்கலாம்.

இதனால் விளைந்த சங்கடங்களை இந்த அவை அறியும். செயலாளர் மதியழகன் அவர்கள் நம் மேடையில் ஒரு மராத்தி நாவலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மனிதனின் தனிமை என்றார். நகரத்தின் இருள் என்றார். பேசி முடித்து, கைதட்டலுக்கு நடுவே ஸ்டேப்ளைப் பிரித்தார். அது மும்பை ரயில் நிலையங்களில் விற்கிற மர்மக் கதை. சமையல்காரன்தான் கொலைகாரன். அம்மையார் சிரித்தாரா? இல்லை. "நீங்க சொன்னதெல்லாம் அதுல இருக்கு சார். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். அவர் கேலி செய்தாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செயலாளருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த வாரமே அவர் அந்த வரிசையில் இன்னொரு புத்தகம் கேட்டு வாங்கிப் போனார். முகம் சுளிக்காதீர்கள் ஐயா, நான் பாராட்டுகிறேன்!

செவிலியர் பிலோமினா அதோ தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கொலை இல்லாத கதையைத் தொடமாட்டார். அவர் கைக்கு ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு கனமான நாவல் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து வந்தார்.

"வத்சலாக்கா, கடைசிப் பக்கம் வரைக்கும் யாராவது சாவாங்கன்னு காத்துட்டிருந்தேன். ஒருத்தரும் சாகல."

"அச்சா. அப்புறம்?"

"எல்லாரும் செத்த மாதிரிதான் நடமாடிட்டு இருந்தாங்க. எங்க வார்டு மாதிரியே இருந்துச்சு. இதே மாதிரி இன்னொண்ணு இருக்காக்கா?"

இன்னொரு சம்பவம். ஒரு மொழிபெயர்ப்பில், பனி நாட்டு இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்ததும் "முருகா!" என்று அலறிவிட்டார். செயலாளர் கொதித்தார். இதெல்லாம் ஒரு மொழிபெயர்ப்பா என்று கேட்டார். அம்மையார் சொன்னார்: "மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்துலதானே சார் இருக்கு. நம்ம நூலகத்துக்கு வந்த மரியாதைக்குச் சொல்லியிருப்பார்."

பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, தமிழ் மன்றத்தில் மொழிபெயர்ப்புக்கு என்ன வேலை என்று கேட்டதும் நினைவிருக்கும். அம்மையார் எழுந்தார். "எங்க மேல் மாடியில இருக்கிற பஞ்சாபி அம்மாவோட முப்பது வருஷமா 'நமஸ்தே ஜி' தவிர ஒரு வார்த்தை பேசினதில்ல. போன மாசம் ஒரு பஞ்சாபி நாவல் படிச்சேன். மறுநாள் நானே மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். தமிழ்ல படிச்சதாலதான் போனேன். இதைவிட மன்றத்துக்கு வேற என்ன வேலை?" கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் அவர் ஒரு துப்பறியும் நாவலில் இருந்தார். இறுதி அத்தியாயம் மட்டும் பாக்கி. கண் தெரியவில்லை, கையைத் தூக்க முடியவில்லை. பிலோமினா ஏற்கெனவே படித்த புத்தகம் அது. "கொலைகாரன் யாருன்னு சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"வாயைத் திறந்தே, உன்னை மன்றத்துலேர்ந்து எடுத்துடுவேன்" என்றாராம் அம்மையார்.

கொலைகாரன் யார் என்று தெரியாமலே போய்விட்டார்! ஆனால் ஒரு வாசகருக்குரிய சுயமரியாதையோடு போனார்.

இனி, மற்ற விஷயம். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

அம்மையாரின் காரியங்கள் முடிவதற்கு முன்பே செயற்குழு கூடிவிட்டது. ஒரு தீர்மானம் நிறைவேறியது. நூலக அறை, குளிர்சாதன வசதியுள்ள கூட்ட அரங்கம் ஆகும். அதற்கு "வத்சலா நினைவு அரங்கம்" என்று பெயர் வைக்கப்படும். அவர் நினைவைப் போற்றும் பொருட்டு, அவர் சேர்த்த மொழிபெயர்ப்பு நூல்கள் அந்த அறையிலிருந்து அகற்றப்படும். ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய காகிதத்தை எடைக்கு வாங்கும் கபாடிவாலா வருகிறார். டில்லி நகரத்தில் அம்மையாரைப் போலவே இலக்கியத்தையும் கொலைக் கதையையும் ஒரே தராசில் வைக்கும் மனிதர் கபாடிவாலா ஒருவர்தான். ஆனாலும் நான் அவரை ஆதரிக்கவில்லை.

பெயரை வைத்துக்கொண்டு புத்தகத்தை எடைக்குப் போடுவதா நினைவு? வாசகர்கள் போன பிறகு அந்த அரங்கத்தில் யார் உட்காருவார்கள்? குளிர்சாதனப் பெட்டியா?

நாங்கள் சண்டை போட விரும்பவில்லை. நாங்கள் எல்லோரும் அரசு ஊழியர்களாக இருந்தவர்கள். விதிப்படி நடப்பவர்கள். நம் நூலகத்தில் ஒரு விதி இருக்கிறது: படித்து முடிக்கும் வரை புத்தகம் வாசகரிடமே இருக்கலாம், திருப்பிக் கேட்கும் உரிமை நூலகருக்கு மட்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவர் யார்? நம் தலைவர் சுந்தரேஷ் அவர்கள்! ரஷ்ய மொழியிலிருந்து வந்த ஒரு தடித்த நாவலை அவர் எடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மையார் போகும் இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் தலைவரே பொதுக்குழுவில் முன்மொழிந்தார். அம்மையார் தயங்காமல் வழிமொழிந்தார். தலைவர் இன்னும் அந்த நாவலைப் படித்து முடிக்கவில்லை. அது எங்களுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம்.

நேற்று மாலை ஜ்யோத்ஸ்னா தன் அம்மாவின் சாவியோடு வந்து அலமாரிகளைத் திறந்தார். உறுப்பினர்கள் வந்தார்கள். கிட்வாய் நகரிலிருந்து ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து கைநிறைய எடுத்துப் போனது. பிலோமினா தன் விடுதிச் செவிலியர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுத்தார். செயலாளர் மதியழகன் அவர்கள்கூட இருட்டியபின் வந்து ஒரு மராத்திப் புத்தகம் எடுத்துப் போனார். தீர்மானத்தில் கையெழுத்திட்ட அதே கையால்! மன்னிக்க வேண்டும் ஐயா, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலமாரிகள் இப்போது காலி. ஞாயிற்றுக்கிழமை கபாடிவாலாவுக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பலாம். புத்தகங்களைத் திருப்பிக் கேட்க உரிமையுள்ளவர் இன்று நம்மிடையே இல்லை. புதிய நூலகரை நியமிக்கத்தான் வேண்டும். அவரை நூல் எடுத்திருக்கும் வாசகர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அடுத்த விதி.

கடைசியாக ஒன்று. எல்லோரும் போன பிறகு ஜ்யோத்ஸ்னாவும் ஒரு பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துத் தன் பையில் வைத்தார். டில்லியில் பிறந்த பெண். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அம்மா மருத்துவமனையில் படித்துக்கொண்டிருந்தாரே, அதே புத்தகம்.

"உனக்குத் தமிழ் படிக்க வராதேம்மா?" என்றேன்.

"ஆமா அங்கிள். அப்போ நான் முடிக்க ரொம்ப நாள் ஆகும், இல்ல?" என்றார்.

வத்சலா அம்மையாரே! உங்கள் அறைக்கு அவர்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும். உங்கள் புத்தகங்கள் எங்கள் வீடுகளில் இருக்கின்றன. சமையலறையில், தலையணைக்கு அடியில், மெட்ரோவில், இனிமேல் வெண்டைக்காய்க்கு மேலே. யார் எவ்வளவு கேட்டாலும் அவசரப்பட மாட்டோம். இந்த அவையின் முன் உறுதி சொல்கிறோம்: நாங்கள் மெதுவாகப் படிப்போம்.