முப்பது டிகிரி மூலை

நாத்தனார்: ...நாலு நாத்துத் தட்டு பார்த்தா போதாதா அண்ணி? எல்லாம் ஒரே தக்காளி விதை, ஒரே தண்ணி.

அண்ணி: அந்த லென்ஸைக் குடு. நாளைக்கு லாரி ஏத்தறதுக்கு முன்னாடி நாத்தைப் பார்த்துச் சொல்லுங்கன்னு கூப்பிட்டது யாரு?

நாத்தனார்: நான்தான். ‘நல்லாருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவீங்கன்னு கூப்பிட்டேன். ஊரே வெள்ளை ஈயை அடிச்சு விரட்டுது... நீங்க ஆராய்ச்சிக்கூடத்துல வேளாவேளைக்கு இலை குடுத்து வளர்க்கறீங்க. பார்த்தா பாசம் வந்துடும் உங்களுக்கு.

அண்ணி: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கதவு வலை கிழிஞ்சு ஈ உள்ள வந்தது என்னிக்கு?

நாத்தனார்: பத்தொன்பது நாள் ஆச்சு. அன்னிக்கே வலையைத் தைச்சு, மருந்தடிச்சு... ஒண்ணைக்கூட விடல.

அண்ணி: ஈயை விடல. முட்டையை விட்டுட்டே. சரி, இந்தப் பசுமைக் குடிலுக்குள்ள எவ்வளவு சூடு?

நாத்தனார்: இருபது டிகிரி. தினமும் நோட்டுல எழுதியிருக்கேன், பாருங்க.

அண்ணி: பார்த்தேன். இருபது, இருபது, இருபது... ஒரு நாளாவது பத்தொன்பதரை ஆகலையா?

நாத்தனார்: என் குடில் சொன்ன பேச்சு கேக்கும் அண்ணி. உங்க வீட்டு ஆள் மாதிரி இல்ல.

அண்ணி: உங்கண்ணன்தானே, நீதான் சொல்லிக்கணும். இங்க பாரு... இருபது டிகிரியில வெள்ளை ஈ முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும். கதவோரத்துத் தட்டுல அப்படித்தான் இருக்கு. குஞ்சு இன்னும் சின்னதா இலையோட ஒட்டிக் கிடக்கு.

நாத்தனார்: அப்பாடா. அப்போ லாரியை வரச் சொல்...

அண்ணி: இரு. இந்த மேசையோரத் தட்டுல இலையைத் திருப்பிப் பாரு. என்ன தெரியுது?

நாத்தனார்: வெள்ளையா... பொட்டு பொட்டா...

அண்ணி: காலிக் கூடு. உடைச்சுக்கிட்டுப் பறந்தாச்சு. முப்பது டிகிரி கிட்ட சூடு இருந்தாத்தான் இவ்வளவு சீக்கிரம் வளரும்.

நாத்தனார்: அவசரக்கார ஈ போல.

அண்ணி: ஒரே நாள் போட்ட முட்டை. அங்க இன்னும் தொட்டில்ல கிடக்கு, இங்க றெக்கை முளைச்சுப் பறக்குது. நடுவுல பதினஞ்சு அடிதான். மேசைக்கு அடியில என்ன?

நாத்தனார்: சாக்கு.

அண்ணி: சாக்குக்குப் பின்னாடி?

நாத்தனார்: ...ஹீட்டர். நாத்துக்குக் குளிருமேன்னு வச்சேன்.

அண்ணி: இந்த ஆறு தட்டுக்கு மட்டுமா? மத்ததெல்லாம் மூத்தாள் பிள்ளைங்களா?

நாத்தனார்: பூனை அண்ணி... இங்க வந்து குட்டி போட்டிருக்கு. பாவமா இருந்துச்சு...

அண்ணி: அப்படியா. சீப்பு யாரோடது?

நாத்தனார்: எந்தச் சீப்பு?

அண்ணி: விதைப் பாக்கெட்டுக்குப் பின்னாடி. பக்கத்துல பல் தேய்க்கிற பிரஷ்ஷும் இருக்கு. சுத்தமான பூனைதான்.

நாத்தனார்: கிண்டல் பண்ணாதீங்க.

அண்ணி: கிண்டல்தானே பண்றேன், திட்டலையே. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நிஜமா பதில் சொல்லு. ஹீட்டர் எத்தனை நாளா எரியுது? பகல்லயும் எரியுதா? பறந்த ஈ இதுக்குள்ள எத்தனை தட்டுல முட்டை போட்டிருக்கும்னு அதை வச்சுத்தான் கணக்குப் பார்க்கணும். உன்னை நம்பி ஒருத்தர் நிலத்தை உழுது வச்சிருக்காரு. இந்த ஈயால இலைச்சுருட்டை நோய் வந்துச்சுன்னா அவருக்கு ஒரு பழம் தேறாது.

நாத்தனார்: ...பதினெட்டு நாளா. அணைக்கவே இல்ல. பகல்ல துணி காயப் போடணும்.

அண்ணி: ம்.

நாத்தனார்: வீட்டை விட்டு வந்துட்டேன் அண்ணி. ‘நாத்து வேணுமா, நான் வேணுமா’ன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. நாத்துன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அண்ணன்கிட்ட வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு. இந்த லாரி நல்லபடியா போச்சுன்னா, தலை நிமிர்ந்து வந்து சொல்லலாம்னு...

அண்ணி: லாரி போகக் கூடாதும்மா. இங்க பறந்ததெல்லாம் நாலஞ்சு நாளா எல்லாத் தட்டுலயும் உக்காந்து எழுந்திருக்கும்.

நாத்தனார்: தெரியும். நீங்க காலிக் கூடுன்னு சொன்னப்பவே தெரியும்.

அண்ணி: நீயே போன் பண்ணிச் சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்.

நாத்தனார்: ...ஐயா, நான்தான். நாளைக்கு நாத்து அனுப்ப முடியாது... இல்லைங்க, ஈ பிடிச்சிருக்கு. என் தப்புதான்... ஒரு மாசத்துல புதுசா போட்டுத் தரேன்... ஆமா... சரிங்க.

அண்ணி: என்ன சொன்னாரு?

நாத்தனார்: நல்லா திட்டினாரு. அப்புறம், நட்ட பிறகு சொல்லாம இப்பவாவது சொன்னியேன்னு போனை வச்சுட்டாரு.

அண்ணி: பரவாயில்ல, மனுஷன். துணியை எடுத்து வை. மாடி அறை காலியாத்தான் இருக்கு. உங்கண்ணனை நான் பார்த்துக்கறேன்.

நாத்தனார்: ஒண்ணு கேக்கவா? ஹீட்டர்னா நாத்துக்குன்னுதானே யாரும் நினைப்பாங்க. சீப்பைப் பார்க்கறதுக்கு முன்னாடியே உங்க முகம் மாறிடுச்சு. இங்க ஆள் படுத்திருக்குன்னு எப்படித் தோணுச்சு?

அண்ணி: கல்யாணமாகி மூணாவது வருஷம் உங்கண்ணனோட சண்டை. வெளியூர்ல வேலைன்னு சொல்லிட்டு, ஆராய்ச்சிக்கூடத்துல இருபது டிகிரி அறையில ஹீட்டரைப் போட்டுக்கிட்டு ஒன்பது நாள் படுத்திருந்தேன். அந்தத் தடவை என் ஈயெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே பறந்துடுச்சு. மிஷின் கோளாறுன்னு எழுதி மூடிட்டாங்க, என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல... யாராவது வந்து கேக்க மாட்டாங்களான்னு ஒன்பது நாளும் கதவையே பார்த்துக்கிட்டிருந்தேன்டி.